பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு

கிட்டுச்சாமியை
நூற்று நாற்பதாம் பக்கத்தில் கொன்றேன்.
வாய்க்கால் வரப்பு, கண்ணாடிவிரியன்,
மழைக்கு முந்தின ஒரு செவ்வாய்க்கிழமை.
இரண்டாம் திருத்தத்தில் அது லாரி விபத்து.
மூன்றாவதில் மறுபடியும் பாம்பு.

நாலாவதில், இன்றிரவு,
கரண்ட் போய் வந்த பிறகு பார்க்கிறேன்:
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
மீனாட்சிபுரம் ஸ்டேஷன் எதிரே
டீ குடித்துக்கொண்டிருக்கிறான் கிட்டுச்சாமி.
சர்க்கரை கம்மி என்று வேறு சொல்கிறான்.

நாலு வருஷம். மூன்று பேர் படித்தார்கள்.
ஒருத்தரும் சொல்லவில்லை.

கோவிந்தாபுரம் சொசைட்டியில்
காலை நாலரைக்குப் பால் பார்க்கிறவள் நான்.
லாக்டோமீட்டர் எவ்வளவு அமிழ்கிறது என்பதை வைத்தே
யார் வீட்டில் சீர் வருகிறது, யார் வீட்டில் வட்டி ஏறுகிறது
என்று சொல்லிவிடுவேன்.
கனகு கேனை நீட்டும்போது என் முகம் பார்க்கமாட்டாள்.
இருபத்து நாலு.
நோட்டில் இருபத்தெட்டு என்று போட்டிருக்கிறேன், இரண்டு தடவை.

கோயமுத்தூரிலிருந்து லூர்துநாதன்
கட்டைத் திருப்பி அனுப்பினார்.
முதல் தாளில் பென்சிலால் ஒரே வரி:
‘தண்ணி ஜாஸ்தி.’
என் வேலை இன்னதென்று அவருக்குத் தெரியாது.
அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அறுபது பக்கம் வெட்டினேன்.
எருமைச் சந்தை போயிற்று.
மதகு உடைத்த ராத்திரி போயிற்று.
பாறுக்குட்டியின் முதல் புருஷன் போனான்,
அவனோடு சேர்ந்து, நான் கவனிக்காமலே,
அவள் சிரிப்பதற்கு இருந்த காரணமும் போயிற்று.
மூன்றாம் பிரதி முழுக்க
சும்மா சும்மா சிரிக்கிறாள்.
அண்ணி படித்துவிட்டுக் கேட்டாள்:
‘இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் கோளாறுங்களா?’

அப்புறம் அந்தச் சிவப்பு வட்டங்கள்.
பாறுக்குட்டி வெள்ளம் கேட்டாள் என்று எழுதியிருந்தேன்.
‘வெள்ளம் வந்தால் ஓடுவாளா, குடிப்பாளா?’
என்று ஓரத்தில் லூர்துநாதன்.
தண்ணீர் என்று மாற்றினேன், முப்பத்தோரு இடம்.
முப்பத்தோரு இடத்திலும்
அவளுக்குத் தாகம் நின்றுபோனது.
ஒவ்வொன்றாகத் தேடித் திரும்பவும் வெள்ளமாக்கினேன்.
இரண்டை மட்டும் விட்டுவிட்டேன்.
அவள் பொள்ளாச்சியில் வேலைக்கு நின்ற வீட்டில்
பயந்து பேசுகிற இடங்கள் அவை.

நல்ல நாளும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.
மார்கழியில் ஒரு ராத்திரி
பதினோராம் அத்தியாயம் தானாக நடந்தது,
கயிறு அவிழ்த்த கன்று மாதிரி.
நானா எழுதினேன் என்று
பாத்திரம் கழுவிக்கொண்டே பாட்டு வேறு.
மறுநாள் எடுத்துப் படித்தேன்.
கல்.
வாக்கியத்துக்கு வாக்கியம் கல்.

ஆடியில் கணவாய்க் காற்று
ஜன்னல் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்து
இருபது தாளைக் கேரளாப் பக்கம் கொண்டுபோயிற்று.
தென்னந்தோப்பில் டார்ச் அடித்துப் பொறுக்கினேன்.
பத்தொன்பது கிடைத்தது.
கிடைக்காத ஒன்றில் என்ன இருந்தது என்பது
இன்றைக்கும் ஞாபகம் வரவில்லை.
கதைக்கும் அது தேவைப்படவில்லை.
அதுதான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

இப்போது மணி இரண்டு.
டீக்கடையை அடித்துவிடலாம், பத்து வரிதான்.
பெயரை மாற்றிப் பார்த்தேன்.
வேறு எவனோ குடித்தால்
அந்தச் சர்க்கரை ஒட்டமாட்டேன் என்கிறது.

பழைய கட்டுகளை இறக்கித்
தரையில் நாலையும் பக்கம் பக்கமாகப் பரப்பினேன்.
முதல் பிரதியில் அவன் சாகவே இல்லை, மறந்திருந்தேன்.
அங்கிருந்து நடந்து வந்திருக்கிறான்.
வட்டம் இல்லை, அடித்தல் இல்லை, பென்சில் இல்லை.
நாலு திருத்தத்திலும்
ஒரு கோடுகூட விழாத பக்கம்
இது ஒன்றுதான்.

நூற்று நாற்பதுக்குத் திரும்பினேன்.
செவ்வாய்க்கிழமை. மழை இன்னும் இறங்கவில்லை.
வரப்பில் அவன் ஒரு காலைத் தூக்கியிருக்கிறான்.
பென்சில் மொட்டை.
சீவ வேண்டும்.